கத்தரிக்காயை ஒதுக்கியாச்சு, கருவாட்டை ஒதுக்கினீங்களா? கிட்னி கல்லும் கடலூர்ச் சாப்பாடும்

சிதம்பரம் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் இந்தக் காட்சி புதிதல்ல. நடராஜர் கோயில் பிரசாதமாகப் பேர்பெற்ற சம்பா சாதம் இலைக்கு வந்துவிட்டது. பின்னாலேயே கொத்சு வாளி வருகிறது. வரிசையில் ஒருவர் மட்டும் இலையைக் கையால் மறைக்கிறார். "கொத்சு வேணாம்ப்பா, கிட்னியில கல்லு இருக்கு. கத்தரிக்காய் ஆகாது."

பக்கத்தில் இருப்பவர் அனுதாபத்தோடு பார்க்கிறார். சாம்பாரில் மிதக்கும் தக்காளித் துண்டையும் அவர் பொறுக்கி ஓரம் வைக்கிறார். தயிர் வரும்போதும் அதே கை மறைப்பு. "பால் அயிட்டம் எதுவும் கூடாது, கால்சியம்!" இத்தனை கட்டுப்பாடாக இருக்கும் அதே மனிதர் இரண்டாவது அப்பளத்தை நொறுக்குகிறார், ஊறுகாயை விரலால் வழிக்கிறார். தண்ணீர் பாட்டில் மட்டும் மூடி திறக்காமல் அப்படியே நிற்கிறது. மண்டபத்தில் பாத்ரூம் எங்கே இருக்கிறதோ, எப்படி இருக்கிறதோ என்ற யோசனை.

அந்த இலையில் அவர் ஒதுக்கியவை பெரும்பாலும் அவருக்கு நல்லது செய்பவை, அல்லது ஒன்றும் செய்யாதவை. கல்லை வளர்ப்பவையோ அவர் வயிற்றுக்குள் போய்விட்டன. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கிட்னி கல்லைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்தத் தலைகீழ்ப் பத்தியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மரக்காணத்தில் நடப்பதுதான் சிறுநீரகத்திலும்

கடலூரிலிருந்து புதுச்சேரியைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மரக்காணம் உப்பளங்கள் தெரியும். பாத்தியில் கட்டிய உப்புநீர் வெயிலில் வற்ற வற்ற, ஒரு கட்டத்துக்கு மேல் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ள அந்த நீரால் முடியாது. அப்போது உப்பு படிகமாகப் பூக்கிறது.

சிறுநீரகத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் என்று பல பொருட்கள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் போதுமான அளவு இருந்தால் அவை கரைந்தபடியே வெளியேறிவிடும். தண்ணீர் குறைந்தாலோ, அந்தப் பொருட்கள் கூடினாலோ படிகம் உருவாகும். ஒரு படிகத்தின் மேல் இன்னொன்று ஒட்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது வளரும். சிறுநீரகத்தில் இருக்கும்வரை பல பேருக்குத் தெரியவே தெரியாது. அங்கிருந்து நழுவிச் சிறுநீர்க்குழாயில் சிக்கும் இரவில்தான், விலாவிலிருந்து அடிவயிறு வரை ஆளைப் புரட்டிப்போடும் அந்த வலி வரும்.

சிறுநீரகக் கற்களில் சுமார் 80 சதவிகிதம் கால்சியம் கற்கள். அவற்றிலும் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட். அடுத்து யூரிக் அமிலக் கற்கள். சிறுநீர்த் தொற்றால் வருபவையும், பரம்பரையாக வரும் அரிய வகைகளும் மிச்சம். ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருடங்களுக்குள் மறுபடி வந்துவிடுகிறது. சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசுவதே அதனால்தான். லேசர் வைத்து உடைத்து எடுத்துவிடலாம். கல் உருவாகக் காரணமான பழக்கத்தை லேசரால் எடுக்க முடியாது.

விதை கிட்னிக்குப் போகாது

தக்காளி விதையும் கத்தரி விதையும் பார்க்கச் சின்னக் கல் மாதிரி இருப்பதால் வந்த பயமோ என்னவோ, தமிழ்நாடு முழுக்க இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. விழுங்கிய விதை குடலோடு போய் மலத்தோடு வெளியேறும். சிறுநீரகத்துக்கு விதை போக வழியே கிடையாது.

தக்காளியில் ஆக்சலேட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நடுத்தரத் தக்காளி ஒன்றில் 10 மில்லிகிராமுக்கும் குறைவு. வேகவைத்த பாலக் கீரை அரைக் கப்பில் 700 மில்லிகிராமுக்கு மேல். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுத் தடை செய்வதில் அர்த்தமில்லை. கொத்சுவில் விழும் கத்தரிக்காய்க்காகவும் கல்காரர்கள் பயப்பட வேண்டாம். கொத்சுவில் கவனிக்க வேண்டியது உப்பு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான்.

உண்மையிலேயே அளவு பார்க்க வேண்டிய ஆக்சலேட் பொருட்கள் வேறு: பாலக், தண்டுக்கீரை வகையறா, பீட்ரூட், சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு, பாதாம், முந்திரி, கட்டங்காப்பி மாதிரி பால் சேர்க்காமல் குடிக்கும் கடுந்தேநீர், சாக்லேட். கருணையும் சேம்பும் சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கிறதே, அந்த அரிப்பைத் தருவதே ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான்.

பண்ருட்டிக்காரர்களுக்கு முந்திரி விஷயம் கொஞ்சம் சங்கடமானது. மரத்தடியில் கொட்டை, வீட்டில் பருப்பு, வழியில் வறுகடை என்று மாவட்டமே முந்திரியில் மிதக்கிறது. பொங்கலில் நெய்யில் வறுத்துப் போட்ட நாலு முந்திரி யாருக்கும் கல்லைக் கொண்டுவராது. ஆனால் ஆக்சலேட் கல் திரும்பத் திரும்ப வருபவர் டிவி முன்னால் உட்கார்ந்து கைப்பிடி கைப்பிடியாக உப்பு முந்திரியை மெல்லுவது வேறு கதை. அதில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. பலாப்பழத்துக்கு அந்த அளவு யோசிக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் பார்த்துக்கொண்டால் போதும்.

தயிரை ஏன் ஒதுக்கக் கூடாது?

கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலில் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்து. கேட்கும்போது சரியாகவே படுகிறது. மருத்துவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். 1993-இல் அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானபோது அது தலைகீழானது. உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் வருவது, குறைவாக எடுத்தவர்களைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

காரணம் குடலில் இருக்கிறது. கீரையில் இருக்கும் ஆக்சலேட்டும் தயிரில் இருக்கும் கால்சியமும் ஒரே வேளையில் வயிற்றுக்குப் போனால் இரண்டும் குடலிலேயே கட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். தயிர் இல்லையென்றால் ஆக்சலேட்டைப் பிடித்துவைக்க ஆளில்லை. அது ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே இருக்கும் கால்சியத்தோடு சேரும். எப்படியும் இரண்டும் எங்கேயாவது சேரத்தான் போகின்றன. குடலில் சேர்ந்தால் நமக்கு நிம்மதி.

இத்தாலியில் இன்னும் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும், கல் திரும்பத் திரும்ப வரும் 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். 60 பேருக்குப் பால் பொருட்களைக் குறைத்த பத்தியம். இன்னொரு 60 பேருக்கு வழக்கமான அளவு கால்சியம் உண்டு, ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், பாலைக் குறைத்தவர்களில் 23 பேருக்கு மறுபடி கல். பாலை விடாமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 12 பேருக்கு மட்டும். 2002-இல் இந்த முடிவு வெளியான பிறகும் "பால், தயிர் கூடாது" என்ற அறிவுரை நம் ஊர்த் திண்ணைகளில் ஓய்வு பெறவில்லை.

இதற்கு ஒரு பழைய தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதலில் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு சிறிய ஆய்வறையாக 1918-இல் தொடங்கியது; 1958-இல்தான் ஹைதராபாத் போனது. அதை நடத்திய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவில் சில பகுதிகளில் மட்டும் கல் நோய் ஏன் அதிகம் என்று ஆராய்ந்து, எலிகளுக்கு விதவிதமான உணவு கொடுத்துப் பார்த்தார். சத்துக் குறைந்த தானிய உணவு தின்ற எலிகளுக்குக் கல் வந்தது. அதே உணவோடு பால் சேர்த்தபோது பாதுகாப்பு கிடைத்தது. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். அவர் பார்த்தது பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கல், அதுவும் எலிகளில். இன்றைய சிறுநீரகக் கல்லுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் பால் குற்றவாளி அல்ல என்பதற்கான ஒரு தடயம் குன்னூரிலேயே கிடைத்திருந்தது என்பது சுவாரஸ்யம்தான்.

நம் பாட்டிகளின் சமையலில் இந்தச் சேர்க்கை ஏற்கெனவே இருக்கிறது. சேப்பங்கிழங்கு போட்ட மோர்க்குழம்பு, கீரை மோர்க்கூட்டு, கீரை மசியலுக்குப் பின் தயிர்சாதம். நியூசிலாந்தில் சேம்பு இலையைப் பாலோடு சமைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், உடல் உறிஞ்சக்கூடிய ஆக்சலேட் குறைவதைக் கண்டார்கள். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டாலும் கரையும் ஆக்சலேட் கணிசமாகப் போய்விடும். கொஞ்சம் சத்தும் அதோடு போகும்தான். கல் அடிக்கடி வருபவர்கள் மட்டும் இப்படிச் செய்தால் போதும். முருங்கைக்கீரைக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் கரையாத வகை ஆக்சலேட். உடலில் அதிகம் ஏறாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். காலையில் ஒரு டம்ளர் பால் அல்லது காப்பி, மதியம் ஒரு கிண்ணம் தயிர், மாலையில் மோர் என்று சாப்பாட்டோடு ஒட்டி வந்தால் நல்லது.

உப்பு: துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்க விரும்பாத பகுதி

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கடலோரம் முழுக்க மீன் காயும் வாசம். கருவாட்டுக் குழம்பு இல்லாத வாரம் பல வீடுகளில் கிடையாது. அதில்தான் சிக்கல். உப்பில் இருக்கும் சோடியம் சிறுநீரில் வெளியேறும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. உப்பு கூடக் கூட, சிறுநீரில் கால்சியம் கூடும். பாலை நிறுத்திவிட்டு உப்பை அள்ளிப் போடுபவரின் சிறுநீரில் கால்சியம் குறையாமலே இருப்பது இதனால்தான்.

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியர் ஒருவர் சராசரியாக எடுப்பது சுமார் 8 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. குழம்பில் போடும் உப்பு கண்ணுக்குத் தெரியும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், மிக்ஸர், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், பரோட்டாக் கடை சால்னா, இவற்றில் ஒளிந்திருப்பது கணக்கிலேயே வருவதில்லை.

கூழ் குடிப்பவர்களைப் பாருங்கள். வெயில் காலத்தில் கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பதைவிடப் பொருத்தமான உணவு இந்த வட்டாரத்துக்குக் கிடையாது. தண்ணீரும் உண்டு, கால்சியமும் உண்டு. ஆனால் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், மாவடு, வறுத்த கருவாடு. கூழ் கொடுத்ததைத் தொட்டுக்கொண்டது பறித்துவிடுகிறது. சின்ன வெங்காயமும் கொத்தவரங்காய்ப் பொரியலும் தொட்டுக்கொண்டால் அந்தக் கூழ் முழுசாக உடம்பில் ஒட்டும்.

கருவாட்டை வாழ்நாள் முழுக்க விட வேண்டுமா? வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை என்பதை மாதத்துக்கு ஒன்றிரண்டாக்கலாம். சமைப்பதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் மேலே இருக்கும் உப்பு ஓரளவு போகும். குழம்பில் தனியாக உப்பு போடக் கூடாது. பச்சை மீன் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு கருவாட்டுக்கு ஏங்குவது பழக்கம்தான், தேவை இல்லை.

பச்சை மீனுக்கும் ஒரு அளவு உண்டு. இறைச்சி, மீன், முட்டை என எந்த விலங்குப் புரதமும் மிதமிஞ்சினால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டும், கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டைக் குறைக்கும். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கு மத்தி, நெத்திலி, இறால், ஈரல் ஆகியவை இன்னும் கொஞ்சம் கூடுதல் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கால் பாயா, மதியம் மட்டன், இரவு மீன் வறுவல் என்ற மூன்று வேளை வழக்கத்தை ஒரு வேளைக்கு இறக்கினாலே போதும்.

தண்ணீர் குடி என்று சொல்வது எளிது

இத்தாலியின் அதே ஆய்வுக் குழு 1996-இல் இன்னொன்றையும் காட்டியது. முதல்முறை கல் வந்த 199 பேரில் பாதிப் பேரிடம், தினமும் 2 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவிகிதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவிகிதம் பேருக்கும் கல் திரும்பியது. மருந்தில்லை, பத்தியமில்லை, வெறும் தண்ணீர்.

இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல் 2.5 லிட்டர் சிறுநீர் என்கிறது. குடிக்கும் அளவு அல்ல, வெளியேறும் அளவு. வியர்வையாகப் போவது தனி. ஏசி அறையில் இருப்பவருக்கு மூன்று லிட்டர் போதுமாக இருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் பண்ருட்டித் தோப்பில் முந்திரி பொறுக்குபவருக்கும், புவனகிரி வயலில் நிற்பவருக்கும், நெய்வேலி சுரங்கத்தில் வேலை செய்பவருக்கும், சிப்காட் ஆலைக் கொதிகலன் பக்கத்தில் இருப்பவருக்கும் அது போதாது. லிட்டர் கணக்கை மறந்துவிட்டு சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் சரி. கடுந்தேநீர் நிறம் என்றால் உப்பளம் காய ஆரம்பித்துவிட்டது.

தென்னிந்திய இரும்பு ஆலை ஒன்றில் தொழிலாளர்களை ஆராய்ந்து சென்னை ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களிடம்தான் கற்கள் அதிகம் தெரிந்தன. உணவுப் பத்தியம் சொல்லும் யாரும் இதை மறக்கக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத இடத்தில் வாழைத்தண்டு என்ன செய்யும்?

தண்ணீர் கிடைத்தாலும் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலை துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையோடு ஊர் ஊராகப் போகும் பெண் மதியம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் போகவேண்டுமென்றால் முந்தின ஒரு மணி நேரம் தண்ணீரைத் தொடாத பெண்கள் எத்தனையோ பேர். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாற்காலி வந்தது. மாடி ஏறி, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டிய கழிப்பறை இன்னும் பல கடைகளில் அப்படியேதான் இருக்கிறது. இவர்களிடம் "தண்ணி குடிம்மா" என்று மட்டும் சொல்வது அரை வைத்தியம். வீட்டில் ஆண்கள் செய்யக்கூடியது, பயணத்தின் நடுவில் சுத்தமான கழிப்பறை இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவது. கடைக்காரர்கள் செய்யக்கூடியது, கேட்காமல் போய்வர விடுவது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதே கதை. காலையில் நிரப்பிக்கொண்டு போன பாட்டில் மாலையில் முக்கால்வாசியோடு திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டிலும் அந்த மணி பின்னர் வந்தது. மணி அடித்தால் குடிப்பார்கள். கழிப்பறை நாறினால் குடிக்க மாட்டார்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது, அதனால்தான் கல் என்று கடலோரத்தில் பலரும் சொல்வார்கள். கடினநீரால்தான் சிறுநீரகக் கல் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வாய்க்குப் பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதுதான் அதைவிடப் பெரிய கேடு. பிடித்த தண்ணீரை நிறையக் குடியுங்கள்.

எலுமிச்சை, இளநீர், வாழைத்தண்டு, அப்புறம் அந்த பீர்

எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிகமாக விடாது. தினமும் இரண்டு பழத்தைத் தண்ணீரில் பிழிந்து நாள் முழுக்கக் குடிக்கலாம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் "உப்பா, சர்க்கரையா?" என்று கேட்பார்கள். கல் உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். உப்பு கால்சியத்தை இழுக்கும், அதிகச் சர்க்கரை கல் வரும் வாய்ப்பைக் கூட்டும். பாட்டில் கோலாக்களும் அதே கணக்கில்தான் வருகின்றன. உப்பு சோடா குடித்தால் ஏப்பம் வரும், கல் கரையாது.

இளநீர் நல்லது. சிறுநீரில் சிட்ரேட்டைக் கூட்டுகிறது என்று சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தினம் ஒன்று வாங்கக் காசு இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் எலுமிச்சை போதும்.

வாழைத்தண்டு பற்றி எழுதாமல் தமிழில் கிட்னி கல் கட்டுரை முடியாது. நார்ச்சத்தும் நீர்ச்சத்தும் உள்ள அருமையான காய். பொரியலாக, கூட்டாக, மோர்ப்பச்சடியாக வாரம் இரண்டு முறை சாப்பிடுங்கள். எலிகளில் ஆய்வு செய்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே உருவான கால்சியம் கல்லை வாழைத்தண்டுச் சாறு கரைத்துவிடும் என்று மனிதர்களில் நிரூபணம் ஆகவில்லை. சாறு குடித்தவருக்குக் கல் விழுந்தது உண்மையாக இருக்கலாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். அந்தப் பெருமை அன்றைக்கு எதைக் குடித்தாரோ அதற்குப் போய்விடுகிறது. கொள்ளு ரசத்துக்கும் இதே பதில். ரசமாக நல்லது, கல்லுடைக்கும் உளியாக அல்ல.

கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி எட்டிப்பிடிக்கும் தூரம். "ரெண்டு பீர் அடிச்சா கல்லு அடிச்சுக்கிட்டு போயிடும்" என்ற வைத்தியமும் எல்லை தாண்டிவந்து ரொம்ப நாளாகிறது. பீர் குடித்தால் சிறுநீர் நிறையப் போகும், அது உண்மை. தண்ணீர் குடித்தாலும் போகும். கல்லைக் கரைக்கும் பொருள் எதுவும் பீரில் இல்லை. யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரின் இருக்கிறது. கூடவே வரும் உப்புக் கடலையும் ஆம்லெட்டும் பில்லில் தனியாக வரும். மருந்தால் கரைக்கக்கூடிய கல் என்றால் அது யூரிக் அமிலக் கல்தான், அதுவும் மருத்துவர் தரும் சிட்ரேட் மருந்தில்.

மாத்திரைகளிலும் ஒரு கண் வேண்டும். உடம்புக்கு நல்லது என்று தினமும் வைட்டமின் சி மாத்திரை போடும் வழக்கம் கொரோனா காலத்தில் பரவியது. ஸ்வீடனில் 23,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. உடலில் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது. நெல்லிக்காய், கொய்யா சாப்பிடுவதில் இந்தப் பயம் வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரை எடுக்கும் பெண்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இது எல்லாருக்கும் பொருந்தாது

மேலே சொன்ன தண்ணீரும் இளநீரும் வாழைத்தண்டும் சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு. கிரியேட்டினின் கூடியவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், இதய பலவீனத்துக்காகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் இவற்றை நிறைய எடுத்தால் ஆபத்து. இளநீரிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் இருக்கும் பொட்டாசியம் அவர்களுக்கு இதயத் துடிப்பையே பாதிக்கலாம். ஒரே வீட்டில் அண்ணனுக்குக் கல், அப்பாவுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கும்போது, அண்ணனுக்குப் போட்ட சாற்றை அப்பாவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுப்பது நடக்கிறது. கூடாது.

வலியோடு குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே வராமல் நின்றாலோ, ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவராக இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ சாறு காய்ச்சிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே உடனே போங்கள். அடைப்போடு தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்று. கல் வெளியே விழுந்தால் தூக்கிப் போடாதீர்கள். சிறுநீரை மெல்லிய துணியில் வடிகட்டிப் பிடித்து, கழுவிக் காயவைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். அது கால்சியம் ஆக்சலேட்டா யூரிக் அமிலமா என்று பரிசோதித்தால், கீரையைக் குறைப்பதா கறியைக் குறைப்பதா என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும். அடிக்கடி கல் வருபவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. ஸ்கேன் கல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஏன் வந்தது என்று இந்தப் பரிசோதனைதான் சொல்லும்.

மறுபடி அந்தப் பந்திக்கு வருவோம். சம்பா சாதம், தாராளமாகக் கொத்சு. கீரை மசியல் இருந்தால் அதுவும் கொஞ்சம், தயிரோடு. வாழைத்தண்டுப் பொரியல். அப்பளம் ஒன்று போதும், ஊறுகாய் இலையின் மூலையிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் காலியாக வேண்டும். வீட்டுக்கு வந்தபின் மாலையில் எலுமிச்சைத் தண்ணீர், இரவுச் சாப்பாட்டோடு மோர். படுக்கப்போகும் முன் இன்னொரு டம்ளர் தண்ணீர். சிறுநீர் மிகக் கெட்டியாவது தூங்கும் நேரத்தில்தான். நடு இரவில் ஒருமுறை எழுந்திருக்க வேண்டி வரும். எழுந்து போய்விட்டு, திரும்பி வரும்போது இன்னும் அரை டம்ளர் குடித்துவிட்டுப் படுக்கலாம்.